பாரசீகத்தின் மன்றமும் மார்க்கமும்

ஈரான் என்று இன்று வழங்கும் நாடு, நெடுங்காலமாகப் பிறநாட்டார் நாவிற் பாரசீகம் என்றே வழங்கிவந்தது. 1935ஆம் ஆண்டில், அந்நாட்டரசின் வேண்டுகோளின்படி, பிறநாட்டு அரசாங்கங்கள் ஈரான் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டன. பழம்பெருமை மிக்க அந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றை ஆராய்வோர்க்கு ஒரு வினா மீண்டும் மீண்டும் எழும். ஒரு நாட்டு மக்களுக்குச் சட்டம் வகுக்கும் உரிமை யாருக்கு உண்டு? மன்னனுக்கா, மக்கள் தெரிந்தனுப்பிய மன்றத்துக்கா, மார்க்கங் கற்ற அறிஞர்க்கா? நூறாண்டுகளாக அந்நாட்டிற் சிறைப்பட்டோரும், நாடு கடத்தப்பட்டோரும், தூக்குமேடை ஏறியோரும் பெரும்பாலும் இவ்வினாவுக்கு ஒவ்வொரு விடை கூறியவர்களே.

ஈரானிய மார்க்கத் தலைவர்களின் செல்வாக்கை விளங்கிக்கொள்ள, ஷீஆப் பிரிவின் கொள்கையொன்றை முதலில் அறிதல் வேண்டும். 1501ஆம் ஆண்டில் சபவி வமிசத்து ஷா இஸ்மாயில் ஷீஆ மார்க்கத்தை அரச மார்க்கம் ஆக்கினார். பன்னிரண்டாவது இமாம் மறைந்துறைகின்றார் என்பதும், அவர் மீண்டும் தோன்றி நீதியை நிலைநாட்டுவார் என்பதும் அம்மார்க்கத்தாரின் நம்பிக்கை. அவர் தோன்றும் வரையில் மார்க்க விஷயங்களில் மக்களுக்கு வழிகாட்டுவோர் முஜ்தஹித்துகள் எனப்படும் பேரறிஞர்கள். ஒவ்வொரு விசுவாசியும் தம் காலத்து முஜ்தஹித் ஒருவரைத் தெரிந்து அவர் தீர்ப்பைப் பின்பற்றல் வேண்டும். மார்க்க வரியையும் அவரிடமே செலுத்தல் வேண்டும். ஆகவே அவ்வறிஞரின் வருவாய் அரச பண்டாரத்திலிருந்து வருவதன்று. வணிகரும் உழவரும் கொடுப்பது. அவருட் பெரியோர் பலர் வாழ்ந்த நஜப், கர்பலா, சாமர்ரா ஆகிய நகரங்களோ துருக்கிய சுல்தானின் ஆட்சிக்குட்பட்ட ஈராக்கில் இருந்தன. பாரசீக மன்னனின் பொன்னும் வாளும் எட்டாத இடத்தில் அவர்கள் இருந்தார்கள் என்பதை மறத்தலாகாது.

இதன் வலிமை எத்தகையது என்பதை உலகம் அறிந்தது ஒரு புகையிலை விவகாரத்தினாலே. கஜார் வமிசத்து நாசிருத்தீன் ஷா ஐரோப்பிய யாத்திரைகளில் விருப்பம் மிக்கவர். அவற்றுக்கான பொருளோ அவரிடம் இல்லை. 1890ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நாட்டில் விளையும் புகையிலை முழுவதையும் வாங்கவும், விற்கவும், ஏற்றுமதி செய்யவும் ஐம்பதாண்டு ஏகபோக உரிமையைத் தல்போட் என்னும் ஆங்கிலேயருக்கு அவர் வழங்கினார். கைம்மாறாக ஆண்டுதோறும் 15,000 பவுணும் இலாபத்தில் நாலிலொரு பங்கும் பெறுவதென ஏற்பாடு. ஆணும் பெண்ணும் ஹுக்கா பிடிக்கும் அந்நாட்டிலே புகையிலையைப் பயிரிடுவோர், தரகர், கடைக்காரர் எனப் பலர் அதனாற் பிழைத்தனர். தம் தோட்டத்தில் விளைந்ததைப் பிறநாட்டுக் கம்பனி குறித்த விலைக்கு விற்று, அதனையே மீளவும் கடையில் விலைகொடுத்து வாங்கவேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது.

1891இல் ஷீராஸ், தப்ரீஸ், இஸ்பஹான் முதலிய நகரங்களிற் கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் நாடு கடத்தப்பட்டிருந்த ஜமாலுத்தீன் என்னும் அறிஞர் - அப்கானி என்றே உலகம் அவரை அறியும், ஆயினும் அவர் பிறப்பால் ஈரானியர் என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு - சாமர்ராவில் வாழ்ந்த மிர்ஸா ஹஸன் ஷீராஸிக்கு ஒரு கடிதம் எழுதினார். மன்னர் நாட்டையே விற்றுவிட்டார், வாய்திறக்க வேண்டியவர் நீங்களே என்பது அதன் சாரம். ஷீராஸி அரசியலை நாடாதவர். ஆசிரியத் தொழிலே தம் வாழ்வெனக் கொண்டவர். அவர் முதலில் மன்னருக்குத் தந்தி மூலம் தம் கருத்தை உணர்த்தினார், பயன் விளையவில்லை. டிசெம்பர் மாதத்தில், எவ்வகையிலேனும் புகையிலையைப் பயன்படுத்துதல் மறைந்துறையும் இமாமுக்கு எதிராகப் போர்தொடுப்பதற்கு ஒப்பாகும் என்னும் பத்வா அவர் பெயரால் தெஹ்ரானில் வெளியாயிற்று. அதனை அவர்தாம் எழுதினாரா என்று அக்காலத்திலேயே ஐயுற்றோர் உளர். ஆனால் அவர் அதனை மறுத்தாரல்லர்.

அடுத்து நிகழ்ந்ததை அந்நகரில் வாழ்ந்த ஐரோப்பியர்கள் வியப்போடு எழுதிவைத்துள்ளனர். புகையிலைக் கடைகள் மூடப்பட்டன. வீடுகளில் ஹுக்காக்கள் மூலையில் ஒதுங்கின. அரண்மனை அந்தப்புரத்திலும் அரசியரும் பணிப்பெண்களும் புகைப்பதை விட்டனர். நாட்டையாளும் மன்னர் தம் இல்லத்தாரை ஆள முடியாதவராயினார்! தெஹ்ரானின் மார்க்கத் தலைவராகிய மிர்ஸா ஹஸன் ஆஷ்தியானியை அழைத்து, பகிரங்கமாகப் புகைபிடித்துக் காட்டுக, அன்றேல் நகரைவிட்டு நீங்குக என அரசாங்கம் கட்டளையிட்டது. அவர் நீங்கவே ஆயத்தமானார். மக்கள் திரண்டு அரண்மனையைச் சூழ்ந்தனர். படைவீரர் சுட்டதில் உயிர்கள் மாண்டன. 1892 ஜனவரியில் உரிமைப் பத்திரம் முற்றாக இரத்துச் செய்யப்பட்டது. அதனை உருசியாவும் விரும்பியது என்பதைச் சேர்த்துச் சொல்லுதல் நேர்மை. கம்பனிக்கு நட்டஈடாக 500,000 பவுண் கொடுக்க நேர்ந்தது. அத்தொகையை மன்னர் ஆங்கிலேயரின் வங்கியிலேயே கடனாகப் பெற்றார். ஒரு கயிற்றை அறுக்க மற்றொரு கயிற்றாற் கட்டுண்டது போலாயிற்று அவர் நிலை. 1896இல் ஜமாலுத்தீனின் சீடர் ஒருவரின் துப்பாக்கிக்கு, தெஹ்ரானுக்கு அண்மையிலுள்ள ஷா அப்துல் அஸீம் தலத்திலே அவர் இரையானார்.

புகையிலைக் கிளர்ச்சியில் வணிகரும், மார்க்க அறிஞரும், புதுக் கல்வி கற்றோரும் தோளோடு தோள் நின்றனர். அக்கூட்டுறவு பதினான்கு ஆண்டுகளின் பின் ஒரு பாராளுமன்றத்தையே ஈன்றது. 1905 டிசெம்பரிற் சர்க்கரை விலை ஏறியது. உருசியாவில் நிகழ்ந்த போரும் குழப்பமும் அதற்குக் காரணமாயிருக்க, தெஹ்ரான் ஆளுநரோ வணிகர் சிலரைப் பிடித்து உள்ளங்காலில் அடிப்பித்தார். கடைவீதி அடைபட்டது. சையித் அப்துல்லா பெஹ்பஹானி, சையித் முஹம்மது தபாதபாயி என்னும் இரு மார்க்கத் தலைவர்களின் பின்னே மக்கள் அணிதிரண்டனர். 1906 கோடையில் ஒரு மாணவர் சுடப்பட்டிறக்க, மார்க்க அறிஞர்கள் தலைநகரை நீங்கிக் கும் நகருக்குச் சென்றுவிட்டனர். நீதிமன்றங்களும் பத்திரப் பதிவும் அவர்கள் கையிலிருந்த காலம் அது. அவர்கள் இல்லாத நகரில் ஒரு காணி உறுதியும் எழுத இயலாது. வணிகரும் மாணவருமாகப் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் பிரித்தானியத் தூதரகத்தின் தோட்டத்திற் கூடாரமடித்துத் தங்கினர். அங்கே அரசியல் யாப்பென்றால் யாது என்று கற்றோர் கல்லாதார்க்கு விளக்கினர் என்பர். ஒரு தோட்டமே பள்ளிக்கூடமாயிற்று.

1906 ஓகஸ்ற் 5ஆம் நாள் முசப்பருத்தீன் ஷா இணங்கினார். ஒக்ரோபரில் மஜ்லிஸ் என்னும் மன்றம் கூடிற்று. டிசெம்பர் 30ஆம் நாள், நோய்ப்படுக்கையிலிருந்த மன்னர் அரசியல் யாப்பிற் கைச்சாத்திட்டார். சில நாட்களில் இறந்தார்.

வெற்றி கிட்டியதும் பழைய வினா எழுந்தது. மன்றம் இயற்றும் சட்டம் இறைவன் சட்டத்துக்கு முரணாயின் யாது செய்வது? தெஹ்ரான் அறிஞருட் கல்வியால் மிக்கவர் எனப் பலரும் ஒப்புக்கொண்ட ஷெய்க் பஸ்லுல்லாஹ் நூரி இதனை எழுப்பினார். முதலில் அவரும் கிளர்ச்சியாளரோடு கும் நகருக்குச் சென்றவரே. எல்லா மதத்தாரும் சட்டத்தின் முன் சமமெனவும், பத்திரிகைகள் எதனையும் எழுதலாமெனவும் கூறப்பட்டபோது அவர் விலகினார். அவரை நிறைவுசெய்யும் பொருட்டு, 1907இல் இயற்றப்பட்ட துணை யாப்பில், ஐவருக்குக் குறையாத முஜ்தஹித்துகள் ஒவ்வொரு சட்டத்தையும் ஆராய்வர் என்னும் இரண்டாம் பிரிவு சேர்க்கப்பட்டது. அது முறையாக நடைமுறைக்கு வரவேயில்லை. ஆனால் நஜபில் வாழ்ந்த ஆகூந்த் கொராசானி முதலிய பேரறிஞர்களோ மன்றத்தையே ஆதரித்தனர். கொடுங்கோன்மையைக் குறைக்கும் எதுவும் மார்க்கத்துக்கு உகந்ததே என்பது அவர்கள் கொள்கை. ஆகவே ஈரானில் மார்க்கம் ஒருபுறம், மக்களாட்சி மறுபுறம் என்று கோடு கிழிப்போர் வரலாற்றைச் செம்மையாகப் பார்த்தவராகார். அக்கோடு மார்க்க அறிஞரின் நடுவே சென்றது.

1908 ஜூன் 23ஆம் நாள், புதிய மன்னர் முஹம்மது அலி ஷா, லியாகோவ் என்னும் உருசியத் தளபதியின் கீழிருந்த கொசாக்குப் படையைக் கொண்டு மன்றத்தைப் பீரங்கியாற் சுடுவித்தார். நூரி மன்னர் பக்கம் நின்றார். அடுத்த ஆண்டு ஜூலையில் யாப்பாளரின் படைகள் தெஹ்ரானைக் கைப்பற்றின. மன்னர் உருசியத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்து முடியிழந்தார். அவ்வாறு அடைக்கலம் புக நூரி மறுத்துவிட்டார். விசேட நீதிமன்றம் ஒன்று அவருக்கு மரண தண்டனை விதித்தது. அங்கே வழக்குத்தொடுநராய் நின்றவரும் ஒரு மார்க்க அறிஞரே. ஜூலை 31ஆம் நாள், தெஹ்ரானின் பெரிய சதுக்கத்திலே அவர் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டு, மன்றத்தை உருவாக்கிய பெஹ்பஹானியும் தம் வீட்டிலே கொலையுண்டார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் சீரழிவின் ஆண்டுகள். 1907இலேயே இங்கிலாந்தும் உருசியாவும் நாட்டைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கிட்டிருந்தன. 1908இல் மஸ்ஜிதே சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1914இல் அவ்வெண்ணெய்க் கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளைப் பிரித்தானிய அரசாங்கம் வாங்கியது. 1921 பெப்ரவரியில் கொசாக்குப் படையின் அதிகாரியாகிய ரேசா கான் தலைநகருட் புகுந்து படிப்படியாக ஆட்சியைக் கைக்கொண்டார். 1924இல் அவர் நாட்டைக் குடியரசாக்க முனைந்தபோது, துருக்கியின் குடியரசு கிலாபத்தை ஒழித்ததைக் கண்டு அஞ்சிய மார்க்க அறிஞர்கள் அதனைத் தடுத்தனர். குடியரசு வேண்டாம் என்றவர்களுக்குக் கிடைத்தது ஒரு புதிய மன்னர் வமிசம்.

அம்மன்னரை மன்றத்தில் எதிர்த்தோருள் இருவரை அறிதல் தகும். ஒருவர் சையித் ஹஸன் முதர்ரிஸ். துணை யாப்பின் இரண்டாம் பிரிவுப்படி சட்டங்களை ஆராய வந்த முஜ்தஹித்துகளுள் ஒருவராக மன்றத்துட் புகுந்து, பின் தெஹ்ரான் மக்களின் பிரதிநிதியானவர்; எளிய உடையும் கூரிய நாவும் உடையவர். 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருக்கு ஒரு வாக்கேனும் கிடைக்கவில்லையென அறிவிக்கப்பட்டபோது, தமக்குத் தாமே இட்ட வாக்கு எங்கே போயிற்று என்று அவர் கேட்டதாகச் சொல்லப்படுகின்றது. அவ்வாண்டே அவர் கைதாகிக் கிழக்கெல்லையிலுள்ள காப் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். 1937 டிசெம்பரில் காஷ்மர் என்னும் ஊரிலே கொல்லப்பட்டார்.

மற்றவர் முஹம்மது மொசாதிக். கஜார் அரசவையோடு உறவுடைய பெருங்குடியிற் பிறந்து, சுவிற்சர்லாந்தில் 1914இற் சட்டத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1925 ஒக்ரோபர் 31ஆம் நாள் கஜார் மன்னரை நீக்கும் பிரேரணை மன்றத்துக்கு வந்தபொழுது, எதிர்த்துப் பேசிய மிகச் சிலருள் அவர் ஒருவர். ரேசா கான் திறமை மிக்க பிரதம மந்திரி. அவர் மன்னரானால், யாப்பின்படி அதிகாரமற்றவராய் இருத்தல் வேண்டும், அவ்வாறாயின் நாடு ஒரு நல்ல மந்திரியை இழக்கும். அதிகாரத்தோடு இருப்பாராயின் அது கொடுங்கோன்மை என்பது அவர் வாதம். வாதம் பழுதற்றது, வாக்குகள்தாம் கிடைக்கவில்லை.

ரேசா ஷா இருப்புப்பாதை அமைத்தார், சர்வகலாசாலை நிறுவினார், நீதிமன்றங்களை மார்க்க அறிஞரிடமிருந்து எடுத்துக்கொண்டார். 1935இல் மஷ்ஹதிற் கௌஹர்ஷாத் பள்ளிவாசலிற் கூடிய மக்களை அவர் படை சுட்டது. 1936இற் பெண்கள் முகத்திரை அணிதலாகாது எனக் கட்டளை பிறந்தது. விரும்பித் துறந்த பெண்களும் இருந்தனர். வீதியிற் காவற்காரர் பறித்தெடுத்ததால் வீட்டைவிட்டு வெளிவராதிருந்த பெண்களும் இருந்தனர். 1941இல் ஆங்கிலப் படையும் சோவியத் படையும் நாட்டுட் புகுந்தன. அவர் முடிதுறந்து மொரீசியசுக்கும், பின் தென்னாபிரிக்காவுக்கும் அனுப்பப்பட்டு, 1944இல் ஜொகன்னஸ்பேர்க்கில் இறந்தார். மகன் முஹம்மது ரேசா அரியணை ஏறினார்.

அதன்பின் எண்ணெய் ஒன்றே பேச்சாயிற்று. கம்பனி ஈரானுக்குக் கொடுத்த உரிமைத் தொகையினும் பிரித்தானிய அரசாங்கத்துக்குச் செலுத்திய வரி அதிகமாயிருந்தது. அபதானிலிருந்த சுத்திகரிப்பாலை அக்காலத்தில் உலகிற் பெரியது. அதன் தொழிலாளரோ குடிசைகளில் வாழ்ந்தனர். மொசாதிக் தேசிய முன்னணியை அமைத்தார். கடைவீதியையும் பள்ளிவாசல்களையும் அவர் பக்கம் கொணர்ந்தவர் ஆயத்துல்லா அபுல் காசிம் காஷானி. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயராற் சிறைவைக்கப்பட்டு, 1949இல் மன்னரால் லெபனானுக்குக் கடத்தப்பட்டு, 1950இல் மீண்டவர். தேசியமயத்தை எதிர்த்த பிரதம மந்திரி ரஸ்மாரா 1951 மார்ச் 7ஆம் நாள் ஒரு மார்க்கத் தீவிரவாதியாற் கொல்லப்பட்டார். அம்மாதமே இரு சபைகளும் எண்ணெயைத் தேசியமயமாக்கின. ஏப்பிரல் மாத இறுதியில் மொசாதிக் பிரதம மந்திரியானார்.

எழுபதை அணுகிய அம்முதியவர், நோயுற்ற உடலோடு கட்டிலிற் சாய்ந்தவாறே பிறநாட்டுத் தூதுவரை வரவேற்றார். மன்றத்திற் பேசும்போது கண்ணீர் விட்டார். மேனாட்டுப் பத்திரிகைகள் நகைத்தன. ஆனால் நியூயோர்க்கில் பாதுகாப்புச் சபையின் முன்னும், ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றத்தின் முன்னும் தோன்றி அவர் தம் நாட்டின் வழக்கை எடுத்துரைத்தார். 1952 ஜூலை 22ஆம் நாள், தனக்கு அவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இல்லையென நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈரானுக்குச் சாதகமான அப்பெரும்பான்மையில் மக்நெயர் என்னும் ஆங்கிலேய நீதிபதியும் சேர்ந்திருந்தார் என்பது நீதித்துறையின் பெருமைக்கு ஓர் எடுத்துக்காட்டு.

அத்தீர்ப்புக்கு முந்திய நாளே ஈரானிலும் ஒரு தீர்ப்புக் கிடைத்திருந்தது. போர் மந்திரிப் பதவியை மன்னர் தர மறுத்ததால் மொசாதிக் பதவி துறந்தார். கவாம் என்பவர் பிரதம மந்திரியாக்கப்பட்டார். காஷானியின் அறைகூவலைக் கேட்டு மக்கள் வீதியில் இறங்கினர், பலர் சுடப்பட்டிறந்தனர், மொசாதிக் மீண்டும் பதவியேற்றார். மன்றமும் மார்க்கமும் கூடி நின்றால் மன்னர் பணிவார் என்பது மூன்றாம் முறையாகவும் நிறுவப்பட்டது.

ஆனால் அந்நட்பு ஓராண்டும் நிலைக்கவில்லை. சபாநாயகராகத் தெரிவான காஷானி, தாம் விதந்துரைத்தோர்க்குப் பதவி கிட்டாமையாற் சினந்தார் என்பர். அது மட்டுமன்று. 1953 ஜனவரியில், மன்றத்தைக் கலந்து கொள்ளாமற் சட்டம் பிறப்பிக்கும் விசேட அதிகாரத்தை மேலும் ஓராண்டுக்கு மொசாதிக் கேட்டபோது, அது யாப்புக்கு முரண் என்று காஷானி எதிர்த்தார். அவர் உள்ளக்கிடக்கை எதுவாயினும், சொன்ன நியாயத்தை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. ஓகஸ்ற் மாதத்தில் மன்றத்தையே கலைக்க மொசாதிக் நடத்திய வாக்கெடுப்பில், ஆம் என்போர்க்கு ஒரு பெட்டியும் இல்லை என்போர்க்கு வேறொரு பெட்டியும் வேறுவேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தன. 1925இல் யாப்புக்காக வாதாடியவரின் கைக்கு இது அழகன்று.

அவ்வேளையில் அமெரிக்க உளவுத்துறையும் பிரித்தானிய உளவுத்துறையும் அவரை வீழ்த்தச் சதி வகுத்திருந்தன. ஓகஸ்ற் 15ஆம் நாளிரவு நிகழ்ந்த முதல் முயற்சி தோற்றது. மன்னர் பக்தாதுக்கும், அங்கிருந்து ரோமுக்கும் ஓடினார். 19ஆம் நாள் கூலிக்குத் திரட்டிய கும்பலும், படையும், மன்னரை மெய்யாகவே விரும்பியோரும் கலந்து வீதிகளை நிறைத்தனர். மாலையில் மொசாதிக்கின் வீடு தரைமட்டமாயிற்று. அன்று மன்னரை ஆதரித்த அறிஞருள், 1906இல் மன்றத்தை உருவாக்கிய பெஹ்பஹானியின் மைந்தரும் ஒருவர். காஷானியின் பங்கு யாது என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மொசாதிக் இராணுவ நீதிமன்றத்தில் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, பின் அஹ்மதாபாத் என்னும் தம் கிராமத்திலே காவலில் வைக்கப்பட்டு, 1967 மார்ச் 5ஆம் நாள் இறந்தார். 1952 ஜூலையில் மாண்டவர்களின் அருகே தம்மைப் புதைக்குமாறு அவர் வேண்டியிருந்தார். அரசாங்கம் இசையவில்லை, வீட்டின் அறையொன்றிலேயே அவர் உடல் புதைக்கப்பட்டது.

அக்காலத்தில் ஷீஆ உலகின் தலைமை அறிஞராய்க் கும் நகரில் விளங்கிய புருஜர்தி, மார்க்க அறிஞர் அரசியலில் இறங்குதலை விரும்பாதவர். அவர் இருந்தவரை அவர் சொல்லுக்கு அடங்கியிருந்தவர் ரூஹுல்லாஹ் கொமெய்னி. 1961இற் புருஜர்தி மறைந்தார். 1963இல் மன்னர் நிலச் சீர்திருத்தம், பெண்களுக்கு வாக்குரிமை முதலியவற்றை வெள்ளைப் புரட்சி என்ற பெயரால் அறிவித்தபோது, கொமெய்னி அதனைக் கண்டித்தார். ஜூன் 3ஆம் நாள், ஆஷூரா தினத்திலே மன்னரைப் பெயர் சொல்லித் தாக்கிப் பேசினார். இரு நாட்களிற் கைதானார். நகரங்களிற் குருதி சிந்தியது. மறு ஆண்டு, ஈரானிலிருந்த அமெரிக்கப் படைத்துறையினர் ஈரானிய நீதிமன்றங்களுக்கு உட்படார் என்று இயற்றப்பட்ட சட்டத்தை எதிர்த்தமையால் நாடு கடத்தப்பட்டார். நஜபில் இருந்தபோது, 1970இல் தம் மாணவர்க்கு ஆற்றிய விரிவுரைகளில் முன்னோர் துணியாத ஒன்றை அவர் கூறினார். நூரி கேட்டது சட்டங்களை ஆராய ஐந்து அறிஞர். கொமெய்னியோ இமாம் வரும்வரை மார்க்கச் சட்டம் வல்லவரே ஆளுதல் வேண்டும் என்றார். ஷீஆ அறிஞருட் பெரும்பாலோர்க்கு அது புதிய கொள்கை.

ஷீராஸியின் சொல்லைத் தந்தி சுமந்தது போலக் கொமெய்னியின் சொல்லை ஒலிப்பதிவு நாடாக்கள் சுமந்தன. 1978இல் ஈரான் முழுதும் எழுந்த கிளர்ச்சி மன்னரை 1979 ஜனவரி 16ஆம் நாள் வெளியேற்றிற்று. பெப்ரவரி 1ஆம் நாள் கொமெய்னி திரும்பினார். அவர் நியமித்த பிரதம மந்திரி மஹ்தி பஸார்கான், 1951இல் மொசாதிக்கின் சார்பில் அபதான் எண்ணெய் ஆலையைப் பொறுப்பேற்றவர். பழைய கூட்டுறவு மீண்டும் அமைந்தது போலத் தோன்றியது. மார்ச் 5ஆம் நாள் அஹ்மதாபாத்துக்குத் திரண்டு சென்ற பெருங்கூட்டத்தின் முன் மொசாதிக்கை நினைந்து பேசியவர் ஆயத்துல்லா தாலிகானி. செப்ரெம்பரில் அவர் இறந்தார். நவம்பரில் மாணவர் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றவே பஸார்கான் பதவி துறந்தார். டிசெம்பரில் ஏற்கப்பட்ட யாப்பு, மார்க்க அறிஞரின் தலைமையையும், சட்டங்களை ஆராயும் பன்னிருவர் அவையையும் நிறுவியது. அப்பன்னிருவருள் அறுவர் மார்க்க அறிஞர். தலைவர் ஒருவருக்கு இத்துணை அதிகாரம் ஆகாதென்ற ஆயத்துல்லா ஷரீயத்மதாரி, 1982இல் அறிஞர் நிலையினின்று நீக்கப்பட்டு, காவலில் இருந்து 1986இற் காலமானார். ஆயத்துல்லா ஒருவரை அந்நிலையிலிருந்து நீக்கும் துணிவு கஜார் மன்னர்க்கும் பஹ்லவி மன்னர்க்கும் இருந்ததில்லை. 1989 ஜூன் 3ஆம் நாள் கொமெய்னி மறைய, அதுவரை ஜனாதிபதியாயிருந்த அலி காமெனெயி தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார்.

புரட்சியின் பின் தெஹ்ரானின் நெடுஞ்சாலைகள் முதர்ரிஸ், நூரி, காஷானி ஆகியோரின் பெயர்களைப் பெற்றன. நகரின் தெற்கிலிருந்து வடக்கே மலையடிவாரம் வரை செல்லும் நீண்ட வீதி மன்னர் காலத்திற் பஹ்லவி வீதியெனப்பட்டது. 1979இல் மக்கள் அதற்கு மொசாதிக் வீதி எனப் பெயரிட்டனர். சிறிது காலத்தில் அப்பெயர்ப்பலகையும் இறக்கப்பட்டு, மறைந்துறையும் இமாமின் சிறப்புப் பெயரால் அது வலியே அஸ்ர் வீதி ஆயிற்று.